காட்டுப்பன்றிச் சேதம்: ஊர் கூடிக் காக்க வேண்டிய வெள்ளாமை

மலையடிவார ஊர்களின் தொல்லையாக மட்டுமே ஒரு காலத்தில் கருதப்பட்ட காட்டுப்பன்றிச் சேதம், இன்று விருதுநகர், தூத்துக்குடி மாவட்டங்களின் மலைக்காடுகளிலிருந்து விலகிய கரிசல் நிலங்களிலும் மானாவாரி உழவர்களின் பெருங்குறையாகிவிட்டது. கண்மாய்களிலும் ஓடைக்கரைகளிலும் மண்டிய சீமைக்கருவேலப் புதர்கள் பன்றிகளுக்குப் பகல்நேர மறைவிடமாகின்றன. அவற்றை ஒட்டியே மக்காச்சோளமும் நிலக்கடலையும் விளைவதால், இரவில் இரை தேடி அவை நெடுந்தொலைவு அலைய வேண்டியதில்லை.

பெட்டைப் பன்றிகளும் குட்டிகளும் கூட்டமாகவும், வளர்ந்த ஆண் பன்றிகள் பெரும்பாலும் தனித்தும் திரிகின்றன. சினைக்காலம் ஏறத்தாழ 4 மாதமே என்பதாலும், ஓர் ஈற்றில் பல குட்டிகள் பிறப்பதாலும் இவை விரைவில் பெருகுகின்றன. பார்வை மந்தமானாலும் மோப்பம் மிகக் கூர்மையானது. மண்ணுக்குள் இருக்கும் கடலையையும் மரவள்ளிக் கிழங்கையும் மோப்பத்தால் கண்டு, உறுதியான மூக்கால் பாரைக் கிளறிப் புரட்டிவிடுகின்றன. மக்காச்சோளத்தில், தட்டையைச் சாய்த்துப் பால் பிடித்த கதிரைக் கடித்து, பாதியில் விட்டு அடுத்த தட்டைக்குச் செல்வதால், தின்றதைவிட மிதிபட்டு வீணாவதே மிகுதி.

வயலைச் சுற்றிப் பழைய சேலைகளைக் கட்டுவதும் பட்டாசு வெடிப்பதும் சில நாள்களே பலன் தருகின்றன. அவற்றால் தீங்கில்லை என்று உணர்ந்ததும் பன்றிகள் பழகிவிடுவதால், இத்தகைய முறைகளை மாற்றி மாற்றிக் கையாள வேண்டும். பயிரைச் சுற்றி ஆமணக்கை நெருக்கமாக 4 வரிசை விதைப்பது வேளாண் ஆய்வாளர்கள் பரிந்துரைக்கும் வழியாகும். பன்றி விரும்பாத அச்செடியின் வாடை உள்ளிருக்கும் பயிரின் மணத்தை மறைக்கிறது. இவற்றைவிட உறுதியானது சோலார் வேலி, அதாவது மின்கலத்தில் சேமித்த மின்சாரத்தை இடைவெளி விட்டு மிகக் குறுகிய துடிப்புகளாகக் கம்பியில் செலுத்தி, கொல்லாமல் அதிர்ச்சி மட்டும் தரும் அமைப்பு. பன்றி அடியில் புகுந்துவிடாதபடி கீழ்க்கம்பி தரையை ஒட்டி இருக்க வேண்டும். களை தொட்டால் மின்சாரம் கசியும் என்பதால் அடிக்கடி களையெடுக்கவும் வேண்டும். மாறாக, மின்கம்பத்திலிருந்து நேரடியாக வேலிக்கு மின்சாரம் எடுப்பது குற்றம் என்பதோடு உயிர்க்கொல்லியும் ஆகும். 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே இத்தகைய வேலியில் சிக்கி 3 யானைகள் இறந்தன.

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, உழவர் தாமாகவே காட்டுப்பன்றியைக் கொல்ல முடியாது. 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு வகுத்த நெறிப்படி, காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் அதைச் சுடக்கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். அதற்கு அப்பால் மட்டுமே, அதுவும் வனத்துறையினரே, சுடலாம்.

ஆகவே உழவர் கையில் இருப்பது வேலியும் காவலுமே. எனினும், ஒருவர் மட்டும் வேலியிட்டால் பன்றி பக்கத்து வயலுக்குத் திரும்புமே தவிர, ஊரின் மொத்தச் சேதம் குறைவதில்லை. ஆகவே, அடுத்தடுத்த நிலத்தார் ஒரே பருவத்தில் விதைத்து, பொதுவேலி அமைத்து, கதிர் பிடிக்கும் நாள்களில் முறைவைத்துக் காவல் காத்து, மறைவிடமான சீமைக்கருவேலத்தையும் சேர்ந்து அகற்றுவதே செலவைப் பகிர்ந்து விளைச்சலைக் காக்கும் வழியாகும்.