ஓடிய தூரமும் காட்டின் நலமும்

தர்ம நிதி திரட்டும் பொருட்டு ஓட்டப் பந்தயங்கள் நடத்துவது பல நாடுகளில் வழக்கமாகும். பங்கு பெறுவோர் அனைவரும் ஓரிடத்தில் கூடி, குறித்த நேரத்தில் ஓடத் தொடங்குவது பழைய முறை. அண்மைக் காலத்தில் இதனின்றும் வேறுபட்டதொரு முறை பரவியுள்ளது. இதனை 'மெய்நிகர் ஓட்டம்' என்பர். இதில் ஒவ்வொருவரும் தத்தம் ஊரிலேயே ஓடுகின்றனர்; ஓடிய தூரத்தைக் கைத்தொலைபேசி அளந்து, நடத்துவோருக்குத் தெரிவிக்கிறது; நுழைவுக் கட்டணமும் நண்பர்கள் அளிக்கும் நன்கொடையும் குறிப்பிட்ட அறப்பணிக்குச் சேருகின்றன. காடுகளையும் பூங்காக்களையும் பாதுகாப்பதற்கும் இவ்வாறு நிதி திரட்டப்படுகிறது.

இம்முறை பெரிதும் பரவியது, கொரோனா நோயின் காரணமாக மக்கள் ஒன்றுகூட இயலாது போன 2020ஆம் ஆண்டிலாகும். அவ்வாண்டு அக்டோபர் 4ஆம் தேதி நடைபெற்ற லண்டன் மாரத்தானில், முதல்தர வீரர்கள் மட்டுமே செயின்ட் ஜேம்ஸ் பூங்காவைச் சுற்றி ஓடினர். ஏனையோரில் 37,000க்கு மேற்பட்டவர்கள், தாங்கள் இருந்த இடங்களிலேயே 42.195 கிலோமீட்டர் தூரத்தை ஒரே நாளில் ஓடி முடித்தனர்.

தூரத்தை அளப்பது எவ்வாறு?

பூமிக்கு மேல் ஏறக்குறைய 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றிவரும் ஜி.பி.எஸ். செயற்கைக் கோள்கள், நேரக் குறிப்புடன் கூடிய ரேடியோ அலைகளை ஓயாது அனுப்புகின்றன. அலை புறப்பட்ட நேரத்திற்கும் வந்து சேர்ந்த நேரத்திற்கும் உள்ள வேறுபாட்டை ஒளியின் வேகத்தால் பெருக்கினால், கோள் எவ்வளவு தொலைவில் உள்ளது என்பது தெரியவரும். நான்கு கோள்களின் அலைகள் கிடைப்பின், ஓடுபவரின் இருப்பிடத்தைக் கணக்கிடலாம். அடுத்தடுத்த இருப்பிடங்களுக்கு இடையேயுள்ள தூரங்களைக் கூட்டினால், ஓடிய தூரம் கிடைக்கும். அடர்ந்த மரங்களின் கீழும் உயர்ந்த கட்டடங்களின் நடுவிலும் சில மீட்டர் பிழை நேர்வதுண்டு. எனினும் தர்ம ஓட்டத்திற்கு இந்த நுட்பமே போதுமானது.

காட்டிற்குக் கிட்டும் பயன்

ஓடியவரின் தூரத்தை இவ்வளவு எளிதில் அளக்கிறோம். அவர் அளித்த பணத்தினால் காடு பெற்ற நன்மையை அளப்பதோ அத்துணை எளிதன்று. அமெரிக்காவில் ஆரகன் மாகாணத்தைச் சேர்ந்த போர்ட்லண்டு நகரின் 'ஃபாரஸ்ட் பார்க்' இதற்கு நல்ல உதாரணம். 1948ஆம் ஆண்டில் பூங்காவாக்கப்பட்ட இவ்வனம், நகர எல்லைக்குள்ளேயே 5,000 ஏக்கருக்கு மேல் பரவியுள்ளது. இதிலுள்ள ஏறக்குறைய 80 மைல் நீளமுள்ள நடைபாதைகளை அவரவர் தம் வசதிப்படி ஓடியோ நடந்தோ கடந்து நிதி திரட்டும் திட்டத்தை, இவ்வனத்தைப் பேணும் பொதுநலச் சங்கம் நடத்தியுள்ளது.

அழகுக்காக ஐரோப்பாவிலிருந்து கொணரப்பட்ட ஐவி என்னும் கொடியே இக்காட்டின் பெரும் பகைகளுள் ஒன்று. அது தரையை மூடி, உள்நாட்டுச் செடிகளை முளைக்கவொட்டாது தடுக்கிறது. மரத்தில் ஏறிப் பாரமாகி, பெருங்காற்றில் மரம் சாய ஏதுவாகிறது. தரையில் படரும் ஐவி பூப்பதில்லை; மேலேறி முதிர்ந்த கொடியே பூத்துக் காய்க்கிறது. பறவைகள் அதன் கனிகளை உண்டு விதைகளைப் பரப்புகின்றன. ஆகவே மரத்தின் அடியைச் சுற்றிலும் கொடியை அறுத்துவிட்டால், மரம் பிழைப்பதுடன் விதை பரவுவதும் நின்றுபோகும். ஆனால் தரையில் எஞ்சிய கொடி மீண்டும் ஏறுமாதலால், இப்பணியை ஆண்டுதோறும் தொடர்ந்து செய்தல் வேண்டும்.

இப்பிரச்சினை நம் நாட்டிற்கும் புதிதன்று. அழகுச் செடியாக வந்த உண்ணிச்செடி, முதுமலை, பந்திப்பூர் முதலிய காடுகளில் புதராய் மண்டி, மான் முதலிய விலங்குகளுக்கு உணவாகும் புல்லை நலிவுறச் செய்துள்ளது. மேலோடு வெட்டினால் அது மீண்டும் துளிர்க்கிறது. வேரோடு அகற்றினாலும் மண்ணில் கிடக்கும் விதைகள் முளைக்கின்றன. ஒருமுறை அகற்றிய இடத்தைப் பல ஆண்டுகள் கண்காணித்து, நாட்டுப் புற்களையும் மரங்களையும் நிலைபெறச் செய்தாலன்றிச் செலவிட்ட பணம் வீணாகும்.

எனவே, இத்தகைய ஓட்டங்களை நடத்துவோர் எத்தனை பேர் ஓடினர், எத்தனை கன்றுகள் நடப்பட்டன என்று அறிவிப்பதுடன் அமைதல் ஆகாது. மூன்று ஆண்டுகளுக்குப் பின் உயிருடன் உள்ள கன்றுகள் எத்தனை, களையின்றிக் காக்கப்பட்ட நிலம் எவ்வளவு என்பவற்றையும் நன்கொடையாளருக்குத் தெரிவித்தல் வேண்டும். ஓட்டம் ஒரு நாளில் முடிந்துவிடும்; காட்டைப் பேணும் பணிக்கோ பல்லாண்டுகள் தேவை. இதனை உணர்ந்து ஆண்டுதோறும் உதவ முன்வருவோரின் ஓட்டமே காட்டிற்கு உண்மையான பயன் அளிக்கும்.