ஒட்டு மாங்கன்றும் இளநீரும்

தேக்காவில் பங்கனப்பள்ளி மாம்பழம் வந்திறங்கும் மாதங்களில், தின்ற பழத்தின் கொட்டையை வீவக வீட்டுத் தாழ்வாரத்துத் தொட்டியில் ஊன்றி வைப்பவர்கள் உண்டு. கன்று நன்றாகவே வரும். ஆனால் காய்த்தால் தின்ற பழத்தின் ருசியை எதிர்பார்க்க முடியாது. இந்திய மா வகைகளின் கொட்டையில் பெரும்பாலும் ஒரே கருதான். மகரந்தச் சேர்க்கையில் பிறந்த அதில் தகப்பன் மரத்தின் குணமும் கலந்திருக்கும். தென்கிழக்காசிய மா வகைகள் பலவற்றில் தாயின் திசுவிலிருந்தே கூடுதல் கருக்கள் உருவாவதால், அவை விதையிலேயே தாயைப் போல வந்துவிடும். பங்கனப்பள்ளிக்கு ஒட்டுதான் வழி.

கொட்டையிலிருந்து வளர்ந்த பென்சில் பருமனான வேர்ச்செடியின் தலையைச் சீவி, நடுவே பிளந்து, பங்கனப்பள்ளி மரத்திலிருந்து எடுத்து ஆப்பு வடிவில் செதுக்கிய ஒட்டுக்குச்சியைச் செருகி, பிளாஸ்டிக் நாடாவால் இறுகக் கட்ட வேண்டும். பட்டைக்கும் கட்டைக்கும் இடையே வழுவழுவென்றிருக்கும் படலம்தான் வளர்படை. இரண்டு வளர்படைகளும் ஒரு பக்கமாவது ஒட்டியிருந்தால் வெட்டுவாயில் வெளிறிய மென்திசு பெருகி, அதனூடே புதிய நீர்க்குழாய்கள் உருவாகி இணையும். இதற்கு உத்தரவு போடுவது ஆக்சின் என்ற வளர்ச்சி ஊக்கி. குச்சியின் மொட்டிலும் தளிரிலும் சுரந்து கீழே இறங்குவது அது. வேரிலிருந்து மேலேறும் சைட்டோகைனின் என்ற இன்னொரு ஊக்கி உயிரணுக்களைப் பிரிந்து பெருகச் செய்கிறது. வெட்டுவதற்கு 7 முதல் 10 நாள் முன்பே குச்சியின் இலைகளைக் கிள்ளி, மொட்டு பருக்க விடுவதன் பயன் இங்கேதான்.

இந்த ஊக்கிகளின் கதையில் இளநீர் எப்படி நுழைந்தது? 1941ல் வான் ஓவர்பீக் என்ற ஆய்வாளரின் குழுவினர், தனியே பிரித்தெடுத்த ஊமத்தைக் கருக்களை இளநீர் கலந்த ஊட்டத்தில் வளர்த்துக் காட்டினார்கள். தேங்காய் தன் கருவுக்காகச் சேர்த்து வைத்த உணவல்லவா அது! இப்படிக் குப்பியில் வளர்க்கும் கதையில் சிங்கப்பூருக்கும் பங்குண்டு. பூமலைத் தாவரவியல் பூங்காவில் 1928ல் தாவரவியலாளர் ஹோல்ட்டம் ஆர்க்கிட் விதைகளைக் கண்ணாடிக் குப்பியில் முளைக்க வைத்துக் கலப்பினங்களை உருவாக்கத் தொடங்கினார். குப்பி ஊட்டத்தில் 100க்கு 10 முதல் 20 பங்கு இளநீர் சேர்ப்பது பிற்பாடு ஆர்க்கிட் ஆய்வகங்களில் வழக்கமாயிற்று. இளநீரில் ஆக்சின், சைட்டோகைனின், ஜிப்பரெலின் ஆகிய மூன்று ஊக்கிகளும் இருப்பதை நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2009ல் விரிவாகத் தொகுத்து எழுதினார்கள்.

ஆனால் குப்பி கிருமி நீக்கப்பட்டது. நம் வீட்டுத் தாழ்வாரம் அப்படியல்ல. இளநீரில் சர்க்கரையும் இருக்கிறது. இந்த ஊர்ப் புழுக்கத்தில் அதை வெட்டுவாயில் ஊற்றினால் முதலில் செழிப்பது பூஞ்சைதான். அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். சோதித்துப் பார்க்கும் ஆசை உள்ளவர்கள், அப்போதே வெட்டிய இளநீரில் தண்ணீர் கலந்து, செதுக்கும் முன் குச்சியைச் சில நிமிடங்கள் மட்டும் நனைக்கலாம். கூடவே வெறும் தண்ணீரில் நனைத்த குச்சிகள் சிலவற்றையும் கட்டினால்தான் வித்தியாசம் தெரியும். கத்தி சுத்தமாக இல்லாமலோ கட்டு தளர்ந்தோ போனால் எந்த ஊக்கியும் உதவாது.

கட்டியபின் ஒட்டை மெல்லிய பிளாஸ்டிக் உறையால் மூடி நிழலில் வைக்க வேண்டும். தளிர் விரியத் தொடங்கியதும் உறையை எடுத்துவிடலாம். கட்டுக்குக் கீழே துளிர்ப்பதெல்லாம் வேர்ச்செடியின் கிளை. பார்த்தவுடன் கிள்ளிவிடுங்கள்.