மாடி அறைக்கு எட்டாத வைஃபை

ஊராட்சிவரை கண்ணாடி இழை கேபிளைக் கொண்டுபோகும் திட்டத்துக்கு மத்திய அரசு 2011இல் ஒப்புதல் தந்தது. இன்று அதன் பெயர் பாரத்நெட். ஆனால் வாசலிலிருந்து படுக்கையறைவரை இணையத்தைக் கொண்டுசேர்ப்பது வீட்டுக்காரர் பாடுதான்.

பிள்ளையார்குப்பம் போன்ற ஊர்களில் இப்போது கான்கிரீட் மாடி வீடுகள் ஏராளம். கேபிள்காரர் ஹாலில் டிவிக்குப் பின்னால் ரவுட்டரை மாட்டிவிட்டுப் போவார். ஹாலில் படம் பறக்கும். மாடியில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். கூரைக்குள் இருக்கும் கம்பி, இரும்பு பீரோ, நிலைக்கண்ணாடி எல்லாமே அலையை மறிப்பவை. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை சுவரை ஓரளவு தாண்டும், வேகம் குறைவு. 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் சுவரைக் கண்டால் சுருண்டுவிடும்.

முதல் வைத்தியம் செலவில்லாதது: ரவுட்டரை வீட்டின் நடுவில், உயரத்தில் வைப்பது. மலிவான ரிப்பீட்டர் வாங்குவோர் உண்டு. ஒரே அலைவரிசையில் வாங்கித் திருப்பி அனுப்புவதால் வேகம் ஏறக்குறைய பாதியாகும். பல இடங்களில் வைத்து ஒரே வலையாக இயங்கும் மெஷ் கருவிகள் மேல், விலைதான் கடிக்கும்.

உருப்படியான வழி கேபிள்தான். கேட்-6 கேபிள் 100 மீட்டர்வரை ஒரு ஜிபிபிஎஸ் வேகத்தைத் தாங்கும். வீடு கட்டும்போதே மாடிக்கு ஒரு காலிக் குழாய் பதித்தால் பின்னால் சுவரை உடைக்க வேண்டாம். மறுமுனையில் பழைய ரவுட்டரையே மாட்டலாம். கருவிகளுக்கு முகவரி தரும் அதன் டிஹெச்சிபி வசதியை அணைத்துவிட வேண்டும்.