அளவு மாதிரி டிரெய்லர் லாரிகள்

அளவு மாதிரி டிரெய்லர் லாரி என்பது, சாலையில் ஓடும் ஒரு டிரெய்லர் லாரியின் எல்லா அளவுகளையும் ஒரே விகிதத்தில் சுருக்கிச் செய்யப்படும் சிற்றுருவம் ஆகும். பொம்மை லாரிக்குச் சக்கரம் உருண்டால் போதும். அளவு மாதிரியிலோ சேசிஸ் எனப்படும் அடிச்சட்டத்தின் அகலம், டயரின் விட்டம், டீசல் தொட்டியின் நீளம் ஆகிய அனைத்தும் அசல் வண்டியோடு பொருந்த வேண்டும். பிளாஸ்டிக் பாகங்களை ஒட்டி, வண்ணம் பூசி இவற்றைச் செய்வதும், பிறகு விருப்பப்படி மாற்றியமைப்பதும் அமெரிக்கா, ஐரோப்பா, ஜப்பான் ஆகிய இடங்களில் பலர் ஈடுபடும் பொழுதுபோக்கு ஆகும்.

பெயர்க் காரணம்

அமெரிக்காவில் இவ்வகை லாரியைச் 'செமி' என்பர். செமி என்றால் பாதி. டிரெய்லருக்குப் பின்பக்கம் மட்டுமே சக்கரங்கள் உண்டு; முன்பக்கச் சுமையை இழுக்கும் வண்டி தாங்குகிறது. இந்த இழுவண்டிக்கு டிராக்டர் என்று பெயர். இது உழவு டிராக்டர் அன்று. டிராக்டரின் பின்புறம் கிரீஸ் தடவிய ஒரு தட்டு இருக்கும். டிரெய்லரின் அடியில் உள்ள 'கிங்பின்' என்ற முளை அதில் பூட்டிக்கொள்ளும். அந்தத் தட்டை 'ஐந்தாம் சக்கரம்' என்பார்கள். குதிரை வண்டிகளில் முன் ஆக்சில் திரும்புவதற்கு உதவிய வளையத்துக்கு இருந்த பெயர், லாரியிலும் நிலைத்துவிட்டது. டிராக்டரின் முன்பக்கம் 2, பின்பக்கம் 8, டிரெய்லரில் 8 என மொத்தம் 18 சக்கரங்கள் இருப்பது வழக்கம்.

அளவு விகிதம்

பிளாஸ்டிக் லாரி மாதிரிகளில் அமெரிக்க நிறுவனங்கள் பெரும்பாலும் 1:25 விகிதத்தையும், ஐரோப்பிய நிறுவனங்கள் 1:24 விகிதத்தையும் பின்பற்றுகின்றன. ரயில் மாதிரிகளோடு வைக்கப்படும் லாரிகள் 1:87 அளவிலும், வானொலிக் கட்டுப்பாட்டில் ஓடும் பெரிய லாரிகள் 1:14 அளவிலும் கிடைக்கின்றன. 1:25 விகிதத்தில் கணக்கு இவ்வாறு அமையும்:

- 53 அடி, அதாவது 16.15 மீட்டர் நீள டிரெய்லர்: 64.6 செ.மீ.
- 2.6 மீட்டர் அகலம்: 10.4 செ.மீ.
- 34 அங்குலச் சேசிஸ் அகலம்: சுமார் 34.5 மி.மீ.
- 2 அங்குலக் கிங்பின் விட்டம்: சுமார் 2 மி.மீ.

1:24, 1:25 இரண்டும் ஒன்றே எனத் தோன்றலாம். ஆனால் மேற்சொன்ன 53 அடி டிரெய்லரை 1:24 விகிதத்தில் செய்தால் நீளம் 67.3 செ.மீ. ஆகிவிடும். வேறுபாடு 2.7 செ.மீ. ஒரே வண்டியில் இரு விகிதப் பாகங்களைக் கலந்தால் கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

நீளம் 25இல் ஒரு பங்காகும்போது பரப்பு 625இல் ஒரு பங்காகவும், கன அளவு 15,625இல் ஒரு பங்காகவும் குறைகின்றன. வண்ணப்பூச்சின் தடிமன் மட்டும் தானாகக் குறைவதில்லை. மாதிரியின் மேல் 0.1 மி.மீ. தடிமனில் பூசினால், அசல் லாரியின் மேல் 2.5 மி.மீ. பூசியதற்குச் சமம். ரிவெட்டுகளும் கதவின் விளிம்புகளும் அதில் மூழ்கிவிடும். பல மெல்லிய பூச்சுகளாகத் தெளிப்பதற்கு இதுவே காரணம்.

வரலாறு

1948இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் தொடங்கப்பட்ட ஏஎம்டி நிறுவனம் முதலில் கார் மாதிரிகளைச் செய்தது. பின்னர் பீட்டர்பில்ட் 359, கென்வொர்த் டபிள்யூ-925 போன்ற லாரிகளுக்கு 1:25 அளவில், கிட் எனப்படும் பாகத் தொகுப்புகளை வெளியிட்டது. ரெவல் நிறுவனமும் இத்துறையில் இறங்கியது. 1970கள் அமெரிக்காவில் லாரி ஓட்டுநர்களைப் பற்றிய பாட்டும் படமும் பெருகிய காலம். 'மூவிங் ஆன்' என்ற தொலைக்காட்சித் தொடரில் வந்த கென்வொர்த் லாரியே கிட்டாக விற்பனைக்கு வந்தது. இத்தாலியின் இத்தாலேரி நிறுவனம் ஸ்கானியா, வோல்வோ, மெர்சிடிஸ் பென்ஸ் லாரிகளை 1:24 அளவில் தருகிறது. ஜப்பானின் தாமியா 1993இல் 'கிங் ஹாலர்' என்ற 1:14 லாரியை வெளியிட்டது. மின்மோட்டாரில் ஓடும் இதன் 3 கியர்களையும் தொலைவிலிருந்தே மாற்றலாம்.

சட்டம் மாற்றிய வடிவம்

பழைய அமெரிக்க லாரி மாதிரிகளில் மூக்கில்லாத தட்டை முகமும் உண்டு, நீண்ட பானெட்டும் உண்டு. இது வடிவமைப்பாளரின் ரசனை மட்டும் அன்று. டிராக்டரும் டிரெய்லரும் சேர்ந்த மொத்த நீளத்துக்குப் பல மாநிலங்கள் வரம்பு விதித்திருந்தன. டிராக்டர் குட்டையானால் டிரெய்லரை நீட்டலாம். கூடுதல் சரக்கு ஏற்றலாம். ஆகவே ஓட்டுநர் கேபினை என்ஜினுக்கு மேலேயே தூக்கி வைத்தார்கள். 1982இல் வந்த கூட்டாட்சிச் சட்டம், முக்கிய நெடுஞ்சாலைகளில் இந்த மொத்த நீள வரம்பை நீக்கியது. அதன்பின் பானெட் நீண்ட லாரிகளே ஓங்கின. தட்டை முக லாரிகள் அமெரிக்கச் சாலைகளிலிருந்து ஏறக்குறைய மறைந்தன. ஐரோப்பாவில் இவ்வகை வண்டிக்கு 16.5 மீட்டர் என்ற பொதுவான மொத்த நீள வரம்பு இருப்பதால், அங்கே இன்றும் தட்டை முகமே வழக்கம்.

செய்முறை

பாகங்களை முதலில் சோப்பு நீரில் கழுவ வேண்டும். வார்ப்பச்சிலிருந்து வந்த எண்ணெய்ப் பசை இருந்தால் வண்ணம் பிடிக்காது. பிறகு சட்டகத்திலிருந்து பாகங்களை வெட்டியெடுத்து, உப்புத்தாளால் தேய்த்து, ஒட்டாமல் ஒருமுறை பொருத்திப் பார்க்க வேண்டும். முதலில் சேசிஸ் ஒட்டப்படும். அது முறுக்கிக்கொண்டால் சக்கரங்களில் ஒன்று தரையைத் தொடாது. பிறகு திருத்துவது கடினம். சமமான கண்ணாடிப் பலகையின் மேல் வைத்து ஒட்டுவது நல்லது.

பிளாஸ்டிக் பசை என்பது உண்மையில் ஒரு கரைப்பான். இரு பரப்புகளையும் இளக்கி ஒன்றாக்குகிறது. குரோம் முலாம் பூசிய பாகங்களில் அது வேலை செய்யாது; ஒட்டும் இடத்தில் முலாமைச் சுரண்டிவிட வேண்டும். பசையும் வண்ணமும் ஆவியாகும் பொருள்கள் ஆதலால், காற்றோட்டமான இடத்திலேயே வேலை செய்ய வேண்டும். மாணவர்கள் கூரிய கத்தியைப் பெரியவர் துணையோடு கையாள வேண்டும்.

மாற்றியமைத்தல்

அமெரிக்காவில் சொந்தமாக லாரி வைத்து ஓட்டுபவர்கள் பலர் தம் வண்டியை விருப்பப்படி நீட்டி, குரோமும் விளக்குகளும் பொருத்தி அழகுபடுத்துவர். மாதிரி செய்பவர்களும் அதையே பின்பற்றுகிறார்கள். இரண்டு மூன்று கிட்டுகளின் பாகங்களைச் சேர்த்து ஒரு வண்டி செய்வதும், கிடைக்காத பாகத்துக்குச் சிலிக்கோன் அச்செடுத்து ரெசினில் வார்ப்பதும், பிளாஸ்டிக் தகட்டால் படுக்கை அறை கட்டுவதும் உண்டு.

ஒரு மாற்றம் பல மாற்றங்களை இழுத்துவரும் என்பது இங்கே முக்கியமான பாடம். பெரிய படுக்கை அறை வைக்கச் சேசிஸை 30 மி.மீ. நீட்டுவதாகக் கொள்வோம். இரண்டு சட்டங்களையும் ஒரே நேர்க்கோட்டில் வெட்டினால் அந்த இடம் பலவீனமாகும். முன்பின்னாக வெட்டி, உட்புறம் பட்டை வைத்து ஒட்டி, பட்டி பார்த்துத் தேய்க்க வேண்டும். என்ஜினிலிருந்து பின் ஆக்சிலுக்குச் செல்லும் புரொப்பெல்லர் ஷாஃப்டும் 30 மி.மீ. நீள வேண்டும். பிரேக்குக்கான காற்றுக் குழாய்களும் நீள வேண்டும். இவற்றை விட்டுவிட்டால், வெளித்தோற்றம் எவ்வளவு பளபளத்தாலும் அது ஓட முடியாத வண்டியின் உருவமே.

உழைத்த வண்டியாகக் காட்ட விரும்புவோர் அழுக்குப் பூசுவர். அதற்கும் காரணம் வேண்டும். புகைக் குழாயின் வாயில் கரி, ஐந்தாம் சக்கரத்தில் கிரீஸ், மட்கார்டின் பின்னால் சேறு, படிக்கட்டில் கால்பட்டுத் தேய்ந்த உலோகம் என, வேலை எங்கே நடந்ததோ அங்கேதான் தடயம் இருக்கும்.

முக்கியத்துவம்

அழகிய கார்களைச் சேகரிப்போர் பாதுகாக்கிறார்கள். சரக்கு லாரிகள் உழைத்துத் தேய்ந்ததும் பெரும்பாலும் பழைய இரும்புக்குப் போகின்றன. வண்டியோடு அதன் நிறமும், கதவில் எழுதிய பெயரும், ஓட்டுநர் செய்துகொண்ட மாற்றங்களும் மறைகின்றன. தாம் ஓட்டிய லாரியையோ, தந்தை ஓட்டிய லாரியையோ பழைய நிழற்படங்களைக் கொண்டு அளவு மாறாமல் செய்து வைப்பவர்கள் அதனால்தான் உண்டு. அப்படிச் செய்யும்போது வண்டியின் ஆண்டு, வகை, செய்த மாற்றங்கள், இழுத்த சரக்கு ஆகியவற்றைச் சிறு அட்டையில் எழுதி மாதிரியோடு வைப்பது நல்ல வழக்கம். செய்தவர் இல்லாத காலத்திலும், அது யாருடைய எந்த வண்டி என்பதை அந்த அட்டை சொல்லும்.