களவா மீன்

மன்னார் வளைகுடாவிற் கடலடிப் பாறைத் திட்டுகளைப் பரதவர் ‘பார்’ என்பர். பவளப் பார்களே களவா மீனின் வாசஸ்தலம். இது கூட்டமாய் அலையாது. பாறைப் பொந்திற் பதுங்கியிருந்து, அருகே வரும் நண்டு, சிறுமீன் முதலியவற்றை ஒரே இழுப்பில் விழுங்கும்.

இதன் இனவிருத்தி விநோதமானது. களவா இனங்களிற் பெரும்பாலானவை முதலிற் பெண்ணாய் முதிர்ந்து முட்டையிடும். பல ஆண்டுகள் வளர்ந்தபின் சில ஆணாக மாறும். ஆகவே பெருத்த மீன்களையே தேடிப் பிடித்தால் முட்டைகள் கருவுற ஆண் குறையும். இளையவற்றைப் பிடித்தால் முட்டையிடப் பெண் இராது. விதைநெல்லையும் குற்றி உண்டவன் மறுபோகத்திற் படும் அவதி இதுவேயாம்.

உறைவிடம் அழியினும் இனம் குன்றும். முன்னாளிற் சுண்ணாம்புக்கும் கட்டடத்திற்கும் பவளக்கல் வெட்டப்பட்டதனால், இவ்வளைகுடாவின் 21 தீவுகளுள் இரண்டு நீரில் அமிழ்ந்தன. 1986-இல் இப்பகுதி கடல்சார் தேசியப் பூங்காவாயிற்று. 2001-இல் பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திற் சேர்க்கப்பட்டது.

ஆகையால், பவளக்கல் எடுப்போரைக் கண்டால் கிராம அதிகாரிகள் உடனே வனத்துறைக்கு அறிவித்தல் வேண்டும். நிலமுடையோர் பவளக்கல்லையோ அதன் சுண்ணாம்பையோ வாங்கலாகாது. ஒரு முறையேனும் முட்டையிடாத இளமீன்களை உயிருடன் கடலில் விடுமாறு மீன்பிடிப்போருக்கு எடுத்துரைத்தல் நலம்.