பள்ளி நூலகத் தானியக்க மென்பொருளைத் தேர்ந்தெடுத்தல்

நூலகத் தானியக்கம் என்பது நூல்களைப் பதிவு செய்தல், பட்டியலிடுதல், வாசகருக்கு வழங்குதல், திரும்பப் பெறுதல், ஆண்டுதோறும் இருப்பைச் சரிபார்த்தல் ஆகிய பணிகளைக் கணினியின் துணையுடன் செய்வதாகும். இதற்கென எழுதப்பட்ட மென்பொருள் நூலகத் தானியக்க மென்பொருள் அல்லது நூலக மேலாண்மை மென்பொருள் எனப்படுகிறது. நூல்களையே திரையில் படிக்கத் தரும் மின்னூலகம் இதிலிருந்து வேறானது. தானியக்கம் செய்யப்பட்ட நூலகத்தில் நூல்கள் அலமாரியில்தான் இருக்கும். அவை பற்றிய பதிவுகளே கணினியில் ஏறுகின்றன.

பல பள்ளிகளில் தனி நூலகர் இல்லை. ஏதேனும் ஒரு பாடத்தை நடத்தும் ஆசிரியரே நூலகத்தையும் கூடுதல் பொறுப்பாகக் கவனிக்கிறார். மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும் வேலையும் அவரிடமே வருகிறது. அத்தகைய ஆசிரியர்களுக்கும் தலைமையாசிரியர்களுக்கும் உதவும் வகையில், தேர்வின்போது கவனிக்க வேண்டியவை இங்கே தொகுக்கப்பட்டுள்ளன.

தானியக்கம் தேவையா?

சில நூறு நூல்கள் மட்டுமே உள்ள தொடக்கப் பள்ளிக்குச் சேர்க்கைப் பதிவேடும் வழங்கல் பதிவேடும் போதும். கணினி இருந்தால் ஒரு விரிதாளில் பட்டியலை வைத்துக்கொள்ளலாம். நூல்கள் ஆயிரத்தைத் தாண்டும்போதும், பல வகுப்புகள் வாரந்தோறும் நூலகத்துக்கு வரும்போதும் பதிவேட்டில் ஒரு நூலைத் தேடுவது கடினமாகிறது.

ஒரு நூலகப் பாடவேளை 40 நிமிடம் என்று கொள்வோம். வகுப்பில் 40 மாணவர்கள். ஒவ்வொருவரும் ஒரு நூலைத் திருப்பித் தந்து மற்றொன்றை எடுத்தால் 80 பதிவுகள். ஒன்றுக்கு அரை நிமிடம் ஆனாலே பாடவேளை முழுவதும் எழுதுவதில் கழிந்துவிடும். நூலைப் புரட்டிப் பார்த்துத் தேர்ந்தெடுக்கப் பிள்ளைகளுக்கு நேரம் இராது. இதனாலும், நூல் தொலைந்தால் பதில் சொல்ல வேண்டுமே என்ற அச்சத்தாலும் சில பள்ளிகளில் நூல்கள் பீரோவிலேயே பூட்டிக் கிடக்கின்றன. வாசகரின் நேரத்தைக் காப்பது நூலகத்தின் கடமை என்பது, 1931இல் வெளிவந்த நூலக அறிவியலின் ஐந்து விதிகளில் எஸ். ஆர். ரங்கநாதன் வகுத்த நான்காம் விதியின் கருத்து. சீர்காழியில் பிறந்த அவர், 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகும் முன் கணித ஆசிரியராக இருந்தவர். பள்ளிக்கு வாங்கும் மென்பொருளையும் இந்த விதியைக் கொண்டே அளக்கலாம்.

உண்மையான செலவு

மென்பொருளின் விலையைத்தான் பலரும் முதலில் கேட்கிறார்கள். ஆனால் பெரிய செலவு உழைப்பில் இருக்கிறது. 4,000 நூல்கள் உள்ள நூலகத்தில் ஒரு நூலை எடுத்துத் தூசி தட்டி, விவரங்களைத் தட்டச்சு செய்து, எண் ஒட்டி, திரும்ப வைக்க ஐந்து நிமிடம் ஆகும் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 20,000 நிமிடம், அதாவது ஏறத்தாழ 333 மணி நேரம். நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்கினாலும் 167 நாள்கள் வேண்டும். இது ஒரு கல்வியாண்டின் பெரும்பகுதி.

இவ்வளவு உழைத்துச் சேர்த்த பதிவுகள் அந்த ஒரு மென்பொருளுக்குள்ளேயே சிக்கிக்கொண்டால் என்ன ஆகும்? இக்கட்டுரையாளர் பணியாற்றிய பள்ளி ஒன்றில் அப்படி நடந்தது. மென்பொருளை விற்றவர் தொழிலை நிறுத்திவிட்டார். கணினி பழுதாகி வேறு கணினிக்கு மாற்றியபோது மென்பொருள் உரிம எண் கேட்டது. அதைத் தர ஆளில்லை. இரண்டு ஆண்டுகளாகப் பதிந்த பட்டியலைத் திறக்கவே முடியவில்லை. கையால் எழுதிய சேர்க்கைப் பதிவேடு மட்டும் மிஞ்சியது. எனவே எந்த மென்பொருளைப் பற்றியும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது: நாம் உள்ளே இட்ட பதிவுகள் அனைத்தையும், யாருடைய உதவியும் இன்றி, வேறு மென்பொருள் படிக்கக்கூடிய வடிவில் நாமே வெளியே எடுக்க முடியுமா?

பதிவு வடிவங்கள்

நூலகங்கள் தங்களுக்குள் பதிவுகளைப் பரிமாறிக்கொள்ளப் பொதுவான வடிவங்கள் உள்ளன. இன்று பரவலாக வழக்கில் இருப்பது மார்க் 21. இதில் ஒவ்வொரு விவரத்துக்கும் ஓர் எண் உண்டு. 020இல் ஐஎஸ்பிஎன், 100இல் ஆசிரியர், 245இல் தலைப்பு, 300இல் பக்க அளவு, 650இல் பொருள் தலைப்பு என்று இடம் வரையறுக்கப்பட்டிருக்கும். இப்பதிவுகளைக் கோப்பாக எடுத்துச் செல்ல ஐஎஸ்ஓ 2709 என்ற தரநிலை பயன்படுகிறது.

இதன் பயனுக்கு ஒரு பழைய எடுத்துக்காட்டு உண்டு. யுனெஸ்கோ 1980களில் தனிக்கணினிகளுக்கென வழங்கிய சிடிஎஸ்/ஐசிஸ் என்ற மென்பொருளை இந்திய நூலகங்கள் பல பயன்படுத்தின. பின்னர் அது வழக்கொழிந்தது. ஆனால் அதிலிருந்து ஐஎஸ்ஓ 2709 வடிவில் பதிவுகளை வெளியே எடுக்க முடிந்ததால் அவற்றைப் புதிய மென்பொருள்களுக்கு மாற்ற வழி இருந்தது.

சிறிய பள்ளிக்கு மார்க் 21 மிகையாகத் தோன்றலாம். குறைந்தது சிஎஸ்வி கோப்பாகவேனும், நூற்பட்டியல், உறுப்பினர் பட்டியல், வழங்கல் விவரம் ஆகிய மூன்றும் முழுமையாக வெளிவர வேண்டும். அச்சிட மட்டுமே உதவும் பிடிஎஃப் அறிக்கையை ஏற்றுமதியாகக் கொள்ளக் கூடாது.

தமிழ் நூல்களுக்கான சோதனைகள்

விளம்பரத் தாளில் தமிழ் வசதி உண்டு என்று இருந்தால் போதாது. கீழ்க்கண்டவற்றை நாமே தட்டச்சு செய்து பார்க்க வேண்டும்.

முதலாவது, ஒருங்குறி. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் பதிந்த பட்டியல், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். பதிவுகள் ஒருங்குறியில் இருந்தாக வேண்டும்.

இரண்டாவது, தேடல். 'கொ' என்ற எழுத்தின் உயிர்க்குறியை ஒரே குறியாகவும் உள்ளிடலாம். ஒற்றைக் கொம்பு, கால் என இரண்டு குறிகளாகவும் உள்ளிடலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். கணினிக்கு அவை வேறு வேறு. நல்ல மென்பொருள் இரண்டையும் ஒன்றாகக் கொண்டு தேடும். அவ்வாறே ஔவையாரின் பெயரை ஔகாரத்தில் தொடங்கிப் பதிபவர்களும் உண்டு. ஒகரத்துடன் ளகரம் சேர்த்துப் பதிபவர்களும் உண்டு. அவ்வையார் என்று எழுதுபவர்களும் உண்டு. மூன்றையும் மென்பொருள் தானாக இணைத்துவிடாது. ஏற்றுக்கொண்ட ஒரு வடிவத்துடன் மற்றவற்றை இணைத்து வைக்கும் வசதி அதில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இவ்வசதி இருந்தால் கல்கி என்று தேடினாலும் ரா. கிருஷ்ணமூர்த்தி என்று தேடினாலும் ஒரே நூல்கள் கிடைக்கும்.

மூன்றாவது, அகர வரிசை. ஒருங்குறியில் எழுத்துகள் அமைந்துள்ள வரிசை நம் நெடுங்கணக்கு வரிசை அன்று. கலை, கவிதை, கழகம், கனவு என்பதே முறையான வரிசை. எண் வரிசையை அப்படியே பின்பற்றும் மென்பொருள் கனவு, கலை, கழகம், கவிதை என்று அடுக்கும். இந்த நான்கு சொற்களில் தொடங்கும் தலைப்புகளை இட்டுப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

நான்காவது, பெயர் அமைப்பு. சில மென்பொருள்கள் குடும்பப் பெயரைக் கட்டாயமாகக் கேட்கும். தமிழ்ப் பெயரில் முன்னிற்பது தலைப்பெழுத்து. மு. வரதராசனை 'வரதராசன், மு.' என்று பதியவும், தலைப்பெழுத்து இல்லாத புனைபெயரை அப்படியே பதியவும் இடம் இருக்க வேண்டும்.

படிகளும் பட்டைக் குறியீடும்

ஒரே நூலின் ஐந்து படிகள் இருந்தால் நூல் விவரம் ஒருமுறையும், சேர்க்கை எண்கள் ஐந்தும் பதியப்பட வேண்டும். பொன்னியின் செல்வன் போன்ற ஐந்து பாக நூலில் ஒவ்வொரு பாகமும் தனியே வழங்கப்பட வேண்டும். இவ்விரண்டையும் மென்பொருள் எப்படிக் கையாள்கிறது என்று பார்க்கவும்.

நூலின் பின்னட்டையில் உள்ள பட்டைக் குறியீட்டை வழங்கலுக்குப் பயன்படுத்த முடியாது. அது ஐஎஸ்பிஎன் எண்ணைக் குறிப்பது. ஒரே பதிப்பின் எல்லாப் படிகளிலும் ஒன்றாகவே இருக்கும். சேர்க்கை எண்ணுக்கெனத் தனிப் பட்டைக் குறியீடு அச்சிட்டு ஒட்ட வேண்டும். அதைப் படிக்கும் சாதாரண வருடி, விசைப்பலகையில் எண்ணைத் தட்டியதுபோலவே கணினிக்கு அனுப்புகிறது. ஆதலால் பெரும்பாலும் தனி மென்பொருள் தேவைப்படாது.

பள்ளிக்கே உரிய தேவைகள்

கல்லூரி நூலகத்துக்கு எழுதப்பட்ட மென்பொருள் பள்ளியின் நடைமுறைக்குப் பொருந்தாமல் போகலாம். ஆண்டுத் தொடக்கத்தில் ஏழாம் வகுப்பு மாணவர் அனைவரையும் எட்டாம் வகுப்புக்கு ஒரே கட்டளையில் மாற்ற முடிய வேண்டும். மாற்றுச் சான்றிதழ் வழங்கும் முன், மாணவரிடம் நூல் நிலுவை இருக்கிறதா என்பது உடனே தெரிய வேண்டும். தாமதக் கட்டணத்தை முழுமையாக நீக்கி வைக்கவும் வழி வேண்டும். கட்டணத்துக்கு அஞ்சும் குழந்தை அடுத்த வாரம் நூலகத்துக்கே வராது.

நீண்ட நாள்களாக யாரும் எடுக்காத நூல்களின் பட்டியலும், வகுப்புவாரியாக வழங்கிய நூல்களின் எண்ணிக்கையும் பயனுள்ள அறிக்கைகள். மின்வெட்டும் இணையத் தடையும் உள்ள ஊர்களில், அந்நேரத்து வழங்கலைக் குறிப்பேட்டில் எழுதிப் பின்னர் உள்ளிடத் தேதியை மாற்றும் வசதியும் வேண்டும்.

கிடைக்கும் மென்பொருள்கள்

கோஹா: நியூசிலாந்தின் ஹோரோவெனுவா நூலகத்துக்காக 1999இல் உருவாக்கப்பட்டு 2000ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் செயலுக்கு வந்த திறந்த மூல மென்பொருள். மாவோரி மொழியில் இப்பெயருக்குப் பரிசு என்று பொருள். உரிமக் கட்டணம் இல்லை. மார்க் 21, ஐஎஸ்ஓ 2709 இரண்டும் உண்டு. பிற நூலகங்களின் பதிவுகளை இசட் 39.50 வழியாகப் பெறலாம். பெரும்பாலும் டெபியன் அல்லது உபுண்டு லினக்ஸில் நிறுவப்படுகிறது. நிறுவவும் பராமரிக்கவும் லினக்ஸ் அறிந்த ஒருவர் தேவை. அல்லது ஆண்டுக் கட்டணத்தில் வழங்கி வசதி தருவோரை நாட வேண்டும்.

இ-கிரந்தாலயா: இந்திய அரசின் தேசிய தகவலியல் மையம் உருவாக்கியது. அரசு நூலகங்களை முதன்மையாகக் கருதி அமைந்தது. கேந்திரிய வித்யாலயப் பள்ளிகள் பலவற்றில் பயன்படுகிறது. நான்காம் பதிப்பு இணையம் வழியே இயங்குவதால் பள்ளியில் தனி வழங்கி தேவையில்லை. ஆனால் இணைய இணைப்பு வேண்டும்.

சோல்: பல்கலைக்கழக மானியக் குழுவின் கீழ் இயங்கும் இன்ஃப்ளிப்நெட் மையத்தின் மென்பொருள். கல்லூரி, பல்கலைக்கழக நூலகங்களை நோக்கி எழுதப்பட்டது. பள்ளிக்கு இதிலுள்ள பல பகுதிகள் தேவைப்படா.

இவை தவிர தனியார் நிறுவனங்களின் மென்பொருள்களும், பள்ளி நிர்வாக மென்பொருளின் ஒரு பகுதியாக வரும் நூலகப் பிரிவும் உள்ளன. தொலைபேசியில் உதவி கிடைப்பது இவற்றின் நன்மை. ஒப்பந்தம் முடிந்தால் பதிவுகள் எந்த வடிவில், எத்தனை நாளில் திரும்பக் கிடைக்கும் என்பதை எழுத்து வடிவில் பெற்றபின் பணம் செலுத்துவது நல்லது.

மாணவர் விவரங்கள்

நூல் வழங்கப் பெயர், வகுப்பு, பிரிவு, ஓர் அடையாள எண் ஆகியவை போதும். ஆதார் எண், சாதி, பெற்றோர் வருமானம் போன்றவற்றுக்கு நூலக மென்பொருளில் இடமில்லை. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாதோரைக் குழந்தைகள் என வரையறுத்து, அவர்களது விவரங்களைக் கையாளக் கூடுதல் கடமைகளை விதிக்கிறது. ஒரு மாணவர் எந்த நூலைப் படித்தார் என்பதையும் பிறர் பார்க்க இயலாதவாறு வைக்க வேண்டும்.

வெள்ளோட்டம்

முடிவெடுக்கும் முன் 50 நூல்களையும் ஒரு வகுப்பையும் மட்டும் கொண்டு ஒரு மாதம் இயக்கிப் பார்க்கலாம். அந்த 50இல் ஐஎஸ்பிஎன் இல்லாத பழைய தமிழ் நூல்கள், ஆங்கில நூல்கள், பல பாக நூல்கள், பருவ இதழ்கள் ஆகியவை கலந்திருக்கட்டும். மாத இறுதியில் எல்லாப் பதிவுகளையும் ஏற்றுமதி செய்து வேறொரு கணினியில் திறந்து பார்க்கவும். தமிழ் எழுத்துகள் சிதையாமல், 50 நூல்களும் வந்திருந்தால் அம்மென்பொருள் முதன்மையான சோதனையில் தேறியது எனலாம்.

இயக்கத்துக்கு வந்தபின் வாரம் ஒருமுறை காப்புப் படி எடுத்து, ஒரு படியைப் பள்ளிக்கு வெளியேயும் வைக்க வேண்டும். கடவுச்சொற்களையும் இயக்கக் குறிப்புகளையும் எழுதி முத்திரையிட்ட உறையில் தலைமையாசிரியரிடம் ஒப்படைக்க வேண்டும். பொறுப்பாசிரியர் மாறுதலில் சென்ற மறுநாளே நூலகம் நின்றுபோவதை இது தடுக்கும். கையால் எழுதும் சேர்க்கைப் பதிவேட்டையும் கைவிட வேண்டாம். தணிக்கைக்கு அது உதவும். கணினி பழுதானால் மீண்டும் தொடங்கவும் அதுவே துணை.