மீன் காட்டும் கருவி: முதல் படகு வாங்குவோர் கவனத்திற்கு

கிணத்துக்கடவுப் பகுதியில் தக்காளி சாகுபடி செய்துவரும் அன்பர் ஒருவர் நமக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். பொள்ளாச்சிக்கு அப்பால் அணைக்கரை ஊரில் வசிக்கும் அவருடைய மைத்துனருக்கு, அணையில் மீன் பிடிக்கும் குழுவில் இடம் கிடைத்திருக்கிறதாம். இருவரும் பங்கு சேர்ந்து சிறிய ஃபைபர் படகு ஒன்று வாங்கப் போகிறார்கள். "தண்ணீருக்குள் மீன் இருக்கும் இடத்தைக் காட்டும் கருவி மலிவாகக் கிடைக்கிறது என்கிறார்கள். தக்காளி விற்ற பணம் கையில் இருக்கும்போதே வாங்கிவிடலாமா?" என்பது அவருடைய கேள்வி. பண்ணைக் குட்டையில் மீன் வளர்க்கும் வேறு சிலரும் இதைப் பற்றி விசாரித்திருப்பதால், சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

வறண்ட கிணற்றுக்குள் குனிந்து கூப்பிட்டால் நம் குரல் திரும்பி வருகிறதல்லவா? இக்கருவியின் வேலையும் அதுதான். டிரான்ஸ்டியூசர் என்னும் சிறு குமிழ் படகின் அடியில் தண்ணீரில் மூழ்கியபடி இருக்கும். அது நம் காதுக்குக் கேட்காத ஒலியைக் கீழ்நோக்கி அனுப்பும். தண்ணீரில் ஒலி விநாடிக்குச் சுமார் 1,500 மீட்டர் வேகத்தில் செல்கிறது. 15 மீட்டர் ஆழத்தில் உள்ள தரையைத் தொட்டு ஒலி திரும்பிவர ஒரு விநாடியில் ஐம்பதில் ஒரு பங்கு நேரம் ஆகும். அந்த நேரத்தை அளந்து ஆழத்தைக் கருவி கணக்கிட்டுவிடும். இடையில் மீன் இருந்தால் அதன் வயிற்றிலுள்ள காற்றுப்பையில் பட்டும் ஒலி திரும்பும். இத்தகைய கருவியை மீன்பிடித் தொழிலுக்கு ஏற்றவாறு 1948ஆம் ஆண்டில் விற்பனைக்குக் கொண்டுவந்தவர்கள் ஜப்பானின் ஃபுருனோ சகோதரர்கள். நம் கடற்கரைகளில் இதை எக்கோ சவுண்டர் என்று சொல்கிறார்கள்.

கருவியின் பார்வை எவ்வளவு?

விளம்பரங்களில் இதைச் சொல்ல மாட்டார்கள். கருவி நாலா பக்கமும் பார்ப்பதில்லை. டார்ச் விளக்கின் ஒளியைப்போலக் கூம்பு வடிவில் நேர் கீழே மட்டும் பார்க்கிறது. 200 கிலோ ஹெர்ட்ஸ் ஒலியில் இயங்கும் சாதாரணக் கருவியின் கூம்பு சுமார் 20 டிகிரி அகலம் உடையது. அதாவது, ஆழம் எவ்வளவோ அதில் மூன்றில் ஒரு பங்கு அகலமுள்ள வட்டம்தான் அதன் கண்ணில் படும். 15 மீட்டர் ஆழத்தில் 5 மீட்டர் வட்டம். ஒன்றரை மீட்டர் ஆழமுள்ள பண்ணைக் குட்டையிலோ அரை மீட்டர் வட்டம்! ஒரு சாக்கை விரித்த அளவுகூட இல்லை. ஆகவே குட்டை வைத்திருப்போர் இக்கருவிக்கு ஒரு ரூபாய்கூடச் செலவிட வேண்டாம். தீவனம் போடும்போது மீன் மேலே வருவதைப் பார்ப்பதும், மாதம் ஒருமுறை வலை வீசி எடை பார்ப்பதுமே போதுமானது.

அணையிலும் எல்லா மீனும் அகப்பட்டுவிடும் என்று எண்ண வேண்டாம். கட்லா மேல்மட்டத்தில் மேயும் மீன். ரோகு நடுமட்டத்திலும் மிர்கால் அடிமட்டத்திலும் மேயும். ஒரு மீட்டர் ஆழத்தில் திரியும் கட்லாவின் மேலே படகு வருவதற்குள் அது விலகிப் போய்விடும். அப்படியே நின்றாலும் அந்த ஆழத்தில் கூம்பின் அகலம் ஒரு சாண் சொச்சம்தான். நல்ல விலை போகும் மீனை இக்கருவி அநேகமாகக் காட்டாது.

திரையைப் படிப்பதற்கும் பழக்கம் வேண்டும். வலது ஓரத்தில் தெரிவது இப்போது படகின் அடியில் உள்ளது. இடப்பக்கம் தெரிவதெல்லாம் ஏற்கெனவே கடந்துவிட்டது. இடப்பக்கம் மீன் தெரிகிறதென்று அந்தப் பக்கம் வலையை இறக்குவது, புதிதாக வாங்கியவர்கள் எல்லோரும் செய்கிற தவறு. நானே செய்திருக்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் அணை ஒன்றில் நண்பர்களுடன் போனபோது திரையில் வரிசையாக மீன் படம் தெரிந்தது. ஆவலோடு வலையை இறக்கினோம். அது நீரில் மூழ்கிக் கிடந்த பட்டமரத்தின் கிளைகள் என்பது வலை கிழிந்த பிறகுதான் தெரிந்தது. மீன் படம் போட்டுக் காட்டும் வசதி கருவியின் ஊகமே தவிர வேறல்ல. கிளையையும் காற்றுக் குமிழியையும்கூட அது மீன் என்று காட்டிவிடும். அந்த வசதியை நிறுத்திவிட்டு, வில்போல் வளைந்த கோடுகளைப் பார்த்துப் பழகுவதே நல்லது.

அப்படியானால் கருவியே வேண்டாமா? ஆழத்தையும், அடியில் கிடக்கும் மரக்கட்டை, பாறைகளையும் அறிய இது மிகவும் உதவும். வலை கிழியாமல் இருப்பதே புதியவருக்குப் பெரிய லாபம். முதல் பருவத்தில் ஒரு மீட்டருக்கு ஒரு முடிச்சுப் போட்ட கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கிப் பாருங்கள். அணையின் அடித்தளம் ஓரளவு மனத்தில் பதிந்துவிடும். கருவியை அதன் பிறகு வாங்கலாம். அதற்காகக் கடன் வாங்குவதை நான் ஒப்பமாட்டேன்.

எதை வாங்கலாம்?

ஆழியாறு அணையின் முழுக் கொள்ளளவில் நீர்மட்டம் 120 அடி, திருமூர்த்தி அணையில் 60 அடி. 120 அடி என்பது 37 மீட்டருக்கும் குறைவுதான். மலிவான கருவிகளே இதைவிட அதிக ஆழம் பார்க்கும். ஆகவே "முன்னூறு மீட்டர் பார்க்கும்" என்பதற்காகக் கூடுதல் விலை தர வேண்டியதில்லை. பக்கவாட்டில் பார்க்கும் வசதியும் பெரிய திரையும் இப்போதைக்கு வேண்டாம். நான்கு அங்குலத் திரை போதும். ஆனால் உச்சி வெயிலில் அது தெளிவாகத் தெரிய வேண்டும். கடை வாசலுக்குக் கொண்டுவந்து பாருங்கள்.

கொஞ்சம் கூடுதலாகச் செலவழிப்பதானால் ஜி.பி.எஸ். உள்ள கருவிக்குச் செலவழியுங்கள். நேற்று மீன் பட்ட இடத்தையும் மரக்கட்டை கிடக்கும் இடத்தையும் குறித்து வைத்துக்கொண்டு இருட்டிலும் திரும்பிப் போகலாம். அடுத்தபடியாக 'சிர்ப்' என்ற வசதி. ஒரே ஒலியை அனுப்பாமல் பல அதிர்வெண்களில் ஒலியை அனுப்புவதால், அருகருகே உள்ள கிளையையும் மீனையும் இது ஓரளவு பிரித்துக் காட்டும்.

டிரான்ஸ்டியூசரைப் பொருத்த ஃபைபர் படகில் துளை போட வேண்டியதில்லை. கெட்டியான ஒரே அடுக்கு ஃபைபராக இருந்தால் உட்புறம் அடியில் ஒட்டினாலே ஒலி ஊடுருவிச் செல்லும். மரப் படகிலும், நடுவில் நுரை வைத்த அடித்தட்டிலும் இந்த முறை பலிக்காது. பரிசல்காரர்கள் ஒரு கழியின் நுனியில் கட்டி நீருக்குள் இறக்கிக்கொள்ளலாம். என்ஜின் விசிறியின் பக்கத்தில் மட்டும் வைக்காதீர்கள். குமிழிகள் ஒலியைக் கலைத்துவிடும்.

இந்தச் சிறு கருவிகள் 12 வோல்ட்டில் இயங்குகின்றன. மருந்து அடிக்கும் பேட்டரி ஸ்பிரேயரில் உள்ள 12 வோல்ட், 8 ஆம்பியர்-மணி பேட்டரியே ஓர் இரவுக்குத் தாராளமாக வரும். தனி பேட்டரி வாங்கும் செலவு மிச்சம். சிவப்புக் கம்பியில் ஃபியூஸ் போடாமல் இணைக்க வேண்டாம்.

கடலுக்குப் போகிறவர்களின் கணக்கு வேறு. அங்கே ஆழம் அதிகம். 50, 200 கிலோ ஹெர்ட்ஸ் இரண்டும் உள்ள கருவி வேண்டும். ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம், செயற்கைக்கோள் மூலம் கடலின் வெப்பத்தையும் பச்சையத்தையும் கணித்து, மீன் கூடக்கூடிய பகுதிகளை இலவசமாகவே அறிவித்து வருகிறது. அணைகளுக்கு அப்படி ஓர் அறிவிப்பு இல்லை.

அன்பருக்கு இன்னும் இரண்டு வார்த்தை. கருவி வாங்கும் முன்பு ஆளுக்கொரு மிதவைச் சட்டை வாங்கிவிடுங்கள். கிணற்றில் நீந்திப் பழகியவர்தானே என்று இருந்துவிடாதீர்கள். இரவில் வலை காலைச் சுற்றிக்கொண்டால் நீச்சல் உதவாது. கடைத் திரையில் மீன்கள் நீந்துவதைக் கண்டும் மயங்க வேண்டாம். அது கருவிக்குள்ளேயே வைத்திருக்கும் மாதிரிப் படம். ஒரு வாரத்துக்குள் மாற்றித் தருவதாக ரசீதில் எழுதி வாங்கிக்கொண்டு, அணைக்குப் போன முதல் நாளே பத்து இடங்களில் கல் கட்டிய கயிற்றை இறக்கி, கருவி சொல்லும் ஆழத்தோடு ஒத்துப் பாருங்கள். அதிகம் வித்தியாசம் இருந்தால், டிரான்ஸ்டியூசர் சாய்ந்திருக்கிறதா என்று முதலில் கவனியுங்கள். அது நேராக இருந்தும் கணக்கு ஒத்துவரவில்லையானால், கருவியைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டியதுதான்.